பஸ்காக்ஸ் குழுவின் ‘சிங்கிள்ஸ் கோயிங் ஸ்டெடி’: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பங்க் ராக் கேட்க ஆசை, எதில் தொடங்குவது என்று யார் கேட்டாலும் நான் கொடுப்பது இந்த ஒரு ஆல்பத்தைத்தான். பஸ்காக்ஸ் என்ற பங்க் குழு 1977இலிருந்து 1979 வரை சிங்கிள்களாக, அதாவது சின்ன இசைத்தட்டுகளாக, வெளியிட்ட பாட்டுகளின் தொகுப்பு இது, ஒரு வகையில் அவர்களின் கிரேட்டஸ்ட் ஹிட்ஸ். கொடுத்த இரண்டு மூன்று நாளில் கேள்விகள் வரத் தொடங்கும். பெரும்பாலும் அதே கேள்விகள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிவந்ததை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே விட்டிருக்கிறேன்.

இது எந்த ஊர் குழு? பேரே கேள்விப்பட்டதில்லையே.

இங்கிலாந்தின் மான்செஸ்டர். போல்ட்டன் தொழில்நுட்பக் கல்லூரியில் படித்த பீட் ஷெல்லி, ஹோவர்ட் டெவோட்டோ என்ற இரண்டு பேர் 1976 தொடக்கத்தில் ஒரு இசைப் பத்திரிகையில் செக்ஸ் பிஸ்டல்ஸ் என்ற லண்டன் பங்க் குழுவைப் பற்றிய குறிப்பைப் படித்தார்கள். உடனே கிளம்பிப்போய் லண்டனுக்கு அருகே ஹை விக்கமில் அந்தக் குழுவின் கச்சேரியைப் பார்த்தார்கள். திரும்பி வந்ததும் அவர்களைத் தங்கள் ஊருக்கே வரவழைத்துவிட்டார்கள். 1976 ஜூன் 4, மான்செஸ்டர் லெஸ்ஸர் ஃப்ரீ டிரேட் ஹால். கூட்டம் குறைவு. ஆனால் அந்தச் சின்னக் கூட்டத்தில் பீட்டர் ஹூக், பெர்னார்ட் சம்னர் இருவரும் இருந்தார்கள். பின்னால் ஜாய் டிவிஷன் குழுவைத் தொடங்கியவர்கள்.

கச்சேரியை ஏற்பாடு செய்த பஸ்காக்ஸ் அன்று மேடையேறவில்லை, இன்னும் தயாராகவில்லை. ஜூலை 20இல் அதே அரங்கில் பிஸ்டல்ஸ் மறுபடி வந்தபோதுதான் வாசித்தார்கள். இந்த ஆல்பத்தில் நீங்கள் கேட்பது ஷெல்லி (குரல், கிடார்), ஸ்டீவ் டிக்கிள் (கிடார், குரல்), ஸ்டீவ் கார்வி (பேஸ் கிடார்), ஜான் மாஹர் (டிரம்ஸ்). டெவோட்டோ அதற்குள் விலகிவிட்டார். முதல் சிங்கிளில் மட்டும் பேஸ் வாசித்தவர் கார்த் ஸ்மித். மாஹர் குழுவில் சேர்ந்தபோது அவருக்கு 16 வயது. அதை மனதில் வைத்துக்கொண்டு அந்த டிரம்ஸைக் கேளுங்கள்.

பங்க்னா வெறும் கூச்சல்தானே? இதுல மெட்டு இருக்குமா?

இருக்கும், அதுவும் ஒட்டிக்கொள்ளும் மெட்டு. இரண்டு கிடாரும் வேகமாக, கரகரப்பாக ஓடும். அதற்கு மேல் ஷெல்லியின் குரல் மெல்லிசாக, கொஞ்சம் கெஞ்சலாக வரும். அந்தக் குரலில் மிரட்டல் கிடையாது. பக்கத்து வீட்டுப் பையன் மனசு நொந்து பேசுவது போலிருக்கும். வேகமும் ஏக்கமும் இப்படி ஒரே நேரத்தில் ஓடுவதுதான் இவர்களின் தனித்தன்மை என்பேன்.

தயாரிப்பாளர் மார்ட்டின் ரஷென்டுக்கும் இதில் பங்கு உண்டு. ஒலிப்பதிவைச் சுத்தமாக வைத்திருக்கிறார். எத்தனை வேகமாக ஓடினாலும் ஒவ்வொரு வாத்தியமும் தனியாகக் கேட்கும்.

ஆல்பத்தோட பேருக்கு என்ன அர்த்தம்?

சிலேடை. ஆங்கிலத்தில் ‘சிங்கிள்’ என்றால் பக்கத்துக்கு ஒரு பாட்டு உள்ள சின்ன இசைத்தட்டு. துணையில்லாத ஆள் என்றும் பொருள். ‘கோயிங் ஸ்டெடி’ என்றால் ஒருவரோடு நிலையாகக் காதலில் இருப்பது. தனித்தனியாகத் திரிந்த சின்னத் தட்டுகள் எல்லாம் ஒரு பெரிய தட்டில் ஒன்றாகக் குடியேறிவிட்டன என்று வைத்துக்கொள்ளலாம். உள்ளே இருக்கும் பாட்டுகளில் யாருக்கும் நிலையான காதல் அமையவில்லை என்பதை நினைத்தால் அந்தப் பெயர் இன்னும் ஆழமாகப் படுகிறது.

கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்னு சொல்றீங்க, ஆனா எந்தப் பாட்டும் முதல் பத்துக்குள்ள வரலையாமே?

உண்மைதான். இதில் உள்ள எட்டு சிங்கிள்களில் பிரிட்டன் விற்பனைப் பட்டியலில் மிக உயரத்துக்குப் போனது ‘எவர் ஃபாலன் இன் லவ்’. 1978இல் அதற்கு 12ஆம் இடம். அடுத்து ‘ப்ராமிசஸ்’ 20, ‘எவ்ரிபடிஸ் ஹேப்பி நவடேஸ்’ 29, ‘ஹார்மனி இன் மை ஹெட்’ 32, ‘லவ் யூ மோர்’ 34, ‘வாட் டூ ஐ கெட்’ 37. ‘ஐ டோன்ட் மைண்ட்’ 55ஓடு நின்றுவிட்டது. முதல் சிங்கிள் பட்டியலுக்குள்ளேயே வரவில்லை.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். 1977 இறுதியிலிருந்து 1979 ஜூலைக்குள், அதாவது இரண்டு வருடத்துக்கும் குறைவான காலத்தில் வந்தவை இந்த எட்டும். நடுவில் இரண்டு முழு ஆல்பங்கள், ஊர் ஊராகக் கச்சேரிகள். அந்த ஓட்டத்திலும் எட்டில் ஒன்றுகூட சோடை போகவில்லை. அட்டையில் ‘ஹிட்ஸ்’ என்ற சொல்லும் கிடையாது, அதையும் பாருங்கள்.

தொகுப்புல ஆரம்பிக்கிறது தப்பு, ஒரிஜினல் ஆல்பம்தான் கேட்கணும்னு ஒரு நண்பர் சொல்றார். சரியா?

பல குழுக்களுக்கு அவர் சொல்வது சரி. இந்தக் குழுவுக்குப் பொருந்தாது. காரணம் எளிமையானது: இந்தப் பாட்டுகளில் பெரும்பாலானவை வேறு எந்த ஆல்பத்திலும் இல்லை.

எண்ணிப் பார்க்கலாம். மொத்தம் 16 பாட்டு. அதில் ‘ஐ டோன்ட் மைண்ட்’, ‘ஆட்டானமி’ இரண்டும் 1978 மார்ச்சில் வந்த முதல் ஆல்பமான ‘அனதர் மியூசிக் இன் எ டிஃபரென்ட் கிச்சன்’இல் இருக்கின்றன. ‘எவர் ஃபாலன் இன் லவ்’, ‘ஜஸ்ட் லஸ்ட்’ இரண்டும் அதே வருடம் செப்டம்பரில் வந்த ‘லவ் பைட்ஸ்’இல். மீதி 12 பாட்டும் சின்னத் தட்டில் மட்டுமே வந்தவை. அந்தக் காலத்து பிரிட்டனில் பல குழுக்கள் சிங்கிளையும் ஆல்பத்தையும் தனித்தனி வேலையாகவே பார்த்தன. ஏற்கெனவே காசு கொடுத்து வாங்கிய பாட்டை ரசிகனுக்கு இன்னொரு முறை விற்கக் கூடாது என்ற நியாயமும் அதில் இருந்தது. ஆக, உங்கள் நண்பர் சொல்வது போல ஸ்டுடியோ ஆல்பங்களை மட்டும் கேட்டால் இந்தக் குழுவின் மிகச் சிறந்த பாட்டுகளில் முக்கால்வாசி காதில் விழாமலே போய்விடும்.

என்னைக் கேட்டால், பஸ்காக்ஸ் செய்ததிலேயே முழுமையான ஆல்பம் இதுதான். இரண்டரை நிமிடத்தில் சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டு நகர்வதுதான் ஷெல்லிக்கு இயல்பாகக் கைவந்தது.

பாட்டு வரிசை ஏன் இப்படி இருக்கு? ரெண்டாவது பாதி வேற குழு மாதிரி கேக்குதே.

முதல் பக்கத்தில் எட்டு சிங்கிள்களின் முன்பக்கப் பாட்டுகள், வெளிவந்த வரிசையிலேயே. இரண்டாம் பக்கத்தில் அதே எட்டுத் தட்டுகளின் பின்பக்கப் பாட்டுகள், அதே வரிசையில். எந்தப் பாட்டு எங்கே நன்றாக இருக்கும் என்று யாரும் உட்கார்ந்து கலைத்துப் போடவில்லை. அப்படியிருந்தும் இத்தனை நன்றாக அமைந்தது எனக்கு இன்றும் வியப்புதான்.

பொதுவாக ரேடியோவை நினைத்து வெளியிடுபவை முன்பக்கப் பாட்டுகள். பின்பக்கம் யாரும் எதிர்பார்க்காத இடம் என்பதால் அங்கே சுதந்திரம் அதிகம். அதனால்தான் இரண்டாம் பாதி உங்களுக்கு வேறு மாதிரி படுகிறது. முதல் பக்கம் சுமார் 20 நிமிடத்தில் முடிந்துவிடும், இரண்டாம் பக்கம் அதைவிட நீளம்.

ஒருமுறை ஜோடி ஜோடியாகக் கேட்டுப் பாருங்கள்: 1ஆம் பாட்டு, பிறகு 9. அடுத்து 2, பிறகு 10. இப்படியே 8, 16 வரை. அந்தக் காலத்து ரசிகர் கடையில் சின்னத் தட்டு வாங்கி வந்து, முன்பக்கம் முடிந்ததும் திருப்பிப் போட்டுக் கேட்ட அனுபவம் ஓரளவு கிடைக்கும். ‘எவ்ரிபடிஸ் ஹேப்பி நவடேஸ்’ஐத் திருப்பிப் போட்டவருக்கு ‘வை கான்ட் ஐ டச் இட்’ காத்திருந்தது. என்னைப் பொறுத்தவரை எட்டில் மிகச் சிறந்த ஜோடி அதுதான்.

அமெரிக்காவுல 1979, இங்கிலாந்துல 1981னு போட்டிருக்கு. சொந்த ஊர்ல ஏன் லேட்டு?

அமெரிக்கர்களுக்காகவே செய்த ஆல்பம் இது. அங்கே அதுவரை பஸ்காக்ஸ் ஆல்பம் எதுவும் வெளிவந்திருக்கவில்லை. ‘தி போலீஸ்’ என்ற ராக் குழுவின் மேலாளர் மைல்ஸ் கோப்லண்ட் தொடங்கிய ஐ.ஆர்.எஸ். இசைத்தட்டு நிறுவனம், குழுவை அங்குள்ளவர்களுக்கு அறிமுகப்படுத்த 1979 செப்டம்பரில் இதை வெளியிட்டது. பிரிட்டன் ரசிகர்களிடம் அந்தத் தட்டுகள் ஏற்கெனவே இருந்தன, அவர்களுக்குத் தேவைப்படவில்லை.

ஆனாலும் அமெரிக்கப் பிரதிகள் கடல் கடந்து பிரிட்டன் கடைகளுக்கு வந்து தொடர்ந்து விற்றன. கடைசியில் 1981இல் அங்கேயும் வெளியிட்டார்கள். அதற்குள் குழு கலைந்துவிட்டது. அறிமுகமாகப் பிறந்த ஆல்பம் சொந்த ஊருக்கு வந்து சேர்ந்தபோது விடைபெறும் ஆல்பமாகிவிட்டது.

முதல் பாட்டை வீட்டுல சத்தமா போடலாமா?

பெரியவர்கள், குழந்தைகள் இருக்கும்போது வேண்டாம். தலைப்பே உடலுறவு வெறியைப் பற்றியது. நடுவே முனகலும் வரும். பிபிசி அதை ஒலிபரப்பவில்லை, பட்டியலில் இடம் கிடைக்காததற்கு அதுவும் காரணம். 10ஆம் பாட்டின் தலைப்பிலும் கெட்ட வார்த்தை உண்டு. குடும்பத்தோடு கேட்பதென்றால் 2இலிருந்து தொடங்கி 10ஐத் தாண்டிவிடுங்கள்.

அந்த முதல் சிங்கிளின் உறையை மட்டும் எங்காவது தேடிப் பாருங்கள். லிண்டர் ஸ்டெர்லிங் பத்திரிகைப் படங்களை வெட்டி ஒட்டிச் செய்த படம்: ஒரு பெண்ணின் உடல், தலை இருக்க வேண்டிய இடத்தில் இஸ்திரிப் பெட்டி. அதை உறையாக வடிவமைத்தவர் மால்கம் காரெட். பெண்ணுடலையும் வீட்டுச் சாமான்களையும் ஒரே மாதிரி விற்கும் விளம்பரங்களைப் பற்றி அந்த ஒரு படம் சொல்வது பாட்டைவிடக் கூர்மையானது.

‘ஸ்பைரல் ஸ்க்ராட்ச்’ தான் இவங்களோட முக்கியமான ரெக்கார்டுனு படிச்சேன். அது ஏன் இதுல இல்ல?

அது இவர்களின் முதல் தட்டு, வந்தது வேறு நிறுவனத்தில். சொல்லப்போனால் அவர்களே தொடங்கிய நிறுவனம். 1976 டிசம்பர் 28இல் நான்கு பாட்டுகளைப் பதிவு செய்து, 1977 ஜனவரி இறுதியில் ‘நியூ ஹார்மோன்ஸ்’ என்று தாங்களே ஒரு பெயர் வைத்து வெளியிட்டார்கள். குடும்பத்தாரிடமும் நண்பர்களிடமும் கடன் வாங்கிய பணம். ஷெல்லியின் அப்பாவும் கொடுத்தார். முதலில் அச்சிட்டது 1000 பிரதி. அது விற்று, மறுபடி மறுபடி அச்சிட்டு, 16,000 வரை போனது. பெரிய நிறுவனம் இல்லாமலே ஒரு தட்டைக் கொண்டுவந்து விற்க முடியும் என்று பிரிட்டன் பங்க் குழுக்களுக்கு முதலில் காட்டிய தட்டுகளில் இதற்குக் கட்டாயம் இடம் உண்டு.

அதில் பாடியவர் டெவோட்டோ. தட்டு வந்த உடனேயே அவர் விலகி ‘மேகசின்’ குழுவைத் தொடங்கினார். ஷெல்லி பாட வந்தார், பேஸ் வாசித்த டிக்கிள் கிடாருக்கு மாறினார். 1977 ஆகஸ்ட் 16இல், பாடகர் எல்விஸ் பிரெஸ்லி இறந்த அதே நாளில், யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டார்கள். இந்தத் தொகுப்பில் இருப்பது அந்த ஒப்பந்தத்துக்குப் பிறகு வந்தவை மட்டும். ‘ஸ்பைரல் ஸ்க்ராட்ச்’ஐத் தனியாகக் கேளுங்கள், 10 நிமிடம்தான் ஆகும். அதில் ‘போர்டம்’ பாட்டில் வரும் கிடார் தனி வாசிப்பு இரண்டே ஸ்வரம். அந்த இரண்டையே திரும்பத் திரும்ப வாசிப்பார் ஷெல்லி.

எல்லாம் காதல் பாட்டா இருக்கே. பங்க்னா அரசியல் இருக்கணும் இல்லையா?

அரசும் ராணியும் வேலையின்மையும் மற்றவர்களின் பாட்டில் நிறையவே வந்தன. ஷெல்லி எழுதியது ஏக்கம், பொறாமை, ஏமாற்றம் பற்றி. 1977இல் முரட்டுத்தனம் காட்டுவதே வழக்கமாக இருந்த மேடையில் ஒரு ஆண் ஏறி, எனக்கு யாருமில்லை, எனக்கு என்ன கிடைக்கிறது என்று கேட்டுப் பாடுவதற்குத் துணிச்சல் வேண்டும். அதை நான் அரசியலாகத்தான் பார்க்கிறேன்.

இன்னொன்றும் உண்டு. ஷெல்லி இருபால் ஈர்ப்புள்ளவர், அதை மறைக்கவும் இல்லை. தன் காதல் பாட்டுகளில் ஆணா பெண்ணா என்று தெரியாதபடி பார்த்துக்கொண்டார். பெரும்பாலும் ‘நான்’, ‘நீ’ இரண்டே பேர். தமிழில் யோசித்தால் இது சட்டென்று புரியும். ‘வந்தான்’, ‘வந்தாள்’ என்று எழுதிய கணமே ஆள் யாரென்று தெரிந்துவிடும். ‘வந்தாய்’ என்று எழுதினால் அது யாராகவும் இருக்கலாம், கேட்பவர் தன் ஆளை அங்கே வைத்துக்கொள்ளலாம். சங்க அகப்பாடல்களில் தலைவனுக்கும் தலைவிக்கும் பெயர் சூட்டாததற்குப் பக்கத்தில் வரும் சங்கதி இது.

‘எவர் ஃபாலன் இன் லவ்’ அப்படி என்ன பெரிய பாட்டு?

காதலிக்கக் கூடாத ஒருவரைக் காதலித்ததுண்டா என்று கேட்கும் பாட்டு. 1977 நவம்பரில் எடின்பரோவில் ஒரு தங்கும் விடுதியில் டிவியில் பழைய இசைப்படம் ஒன்று ஓடிக்கொண்டிருந்தபோது காதில் விழுந்த ஒரு வசனத்திலிருந்து அந்தக் கேள்வி கிடைத்தது என்று ஷெல்லி சொல்லியிருக்கிறார். மறுநாள் தபால் நிலையத்துக்கு வெளியே வேனில் காத்திருந்தபோதே வரிகளை எழுதினாராம்.

சரணம் சோகமான ஸ்வரங்களில் தொடங்கும், ஆனால் டிரம்ஸ் ஓட்டமாக ஓடும். பல்லவிக்கு வரும்போது அந்தக் கேள்வி திரும்பத் திரும்ப வரும், பதிலே வராது. இதே பாட்டை 1987இல் ஃபைன் யங் கேனிபல்ஸ் குழு மெதுவாக்கிப் பாடி பிரிட்டனில் 9ஆம் இடத்துக்குக் கொண்டுபோனது. முதல் பத்தைப் பற்றி முன்பு கேட்டீர்களே, அந்தப் பாட்டு அங்கே போய்ச் சேர்ந்தது இப்படித்தான்.

‘லவ் யூ மோர்’ பாதியிலயே நின்னுடுது. என் ஃபைல் கெட்டுப்போச்சா?

இல்லை, பாட்டே அப்படித்தான். இரண்டு நிமிடம்கூட ஆகாது. கடைசி வரியில் சவரக்கத்தி வரும், அந்தச் சொல்லோடு இசையும் வெட்டுப்பட்டு நிற்கும். அதுவரை இனிக்க இனிக்கக் காதலைச் சொல்லிவந்த பாட்டு எதை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது என்பது அந்த மௌனத்தில்தான் தெரியும். முதல் தடவை எனக்கும் உடம்பு சிலிர்த்தது.

எட்டாவது பாட்டுல குரல் மாறுதே?

‘ஹார்மனி இன் மை ஹெட்’ டிக்கிள் எழுதிப் பாடியது. குரல் கரகரப்பாக வர வேண்டும் என்று பதிவுக்கு முன் 20 சிகரெட் புகைத்ததாகச் சொல்வார். நெரிசலான கடைத்தெருவில் நடந்துபோகும் ஒருவன் தலைக்குள் ஓடும் சத்தம்தான் பாட்டு. ‘ஆட்டானமி’யும் அவர் எழுதியது.

ஆறு நிமிஷத்துக்கு மேல ஒரு பாட்டு. அது பங்க்கா?

‘வை கான்ட் ஐ டச் இட்’ பற்றிக் கேட்கிறீர்கள். கண்டிப்பாக ஹெட்ஃபோனில் கேளுங்கள். பேஸ் ஒரே சுழற்சியில் போய்க்கொண்டே இருக்கும், ஒரு கிடார் இடது காதில், இன்னொன்று வலது காதில், இரண்டும் மாறி மாறிப் பேசிக்கொள்ளும். ஷெல்லிக்கு ஜெர்மனியின் ‘கேன்’ குழு மேல் பெரிய மதிப்பு. அவர்களின் தொகுப்பு ஆல்பம் ஒன்று 1978இல் வந்தபோது அதற்கு உறைக்குறிப்பு எழுதியதே அவர்தான். ஒரே தாளத்தை விடாமல் பிடித்துக்கொண்டு போவதை அங்கிருந்துதான் எடுத்திருக்க வேண்டும். பங்க் என்பதை வேகம் என்று மட்டும் நினைத்தால் இது பங்க் இல்லை. தனக்குத் தோன்றியதைச் செய்வது என்று எடுத்துக்கொண்டால் ஆல்பத்திலேயே பங்க்கான பாட்டு இது.

என் போன்ல 24 பாட்டு காட்டுது. எது சரி?

2001இல் வந்த குறுந்தகட்டுப் பதிப்பில் மேலும் எட்டைச் சேர்த்தார்கள், 1979 கடைசியிலும் 1980இலும் வந்த நான்கு சிங்கிள்களின் இரு பக்கங்களும். நல்ல பாட்டுகள்தான், ஆனால் மனநிலை வேறு. குழு களைத்துப்போன காலம். முதல் தடவை 16ஓடு நிறுத்துங்கள். சவரத்தில் கீறல், தொலைந்த காலுறை என்று ஒரு நாள் முழுக்கக் கோணலாகப் போவதைச் சொல்லும் ‘சம்திங்ஸ் கான் ராங் அகெய்ன்’தான் முடிவுக்குப் பொருத்தமான பாட்டு. மீதியை இன்னொரு நாள் கேட்கலாம். 2019இல் டொமினோ நிறுவனம் வெளியிட்ட மறுபதிப்பு பழைய 16 பாட்டு அமைப்பிலேயே வந்தது.

தொகுப்பு ஆல்பத்தை ‘சிறந்த ஆல்பங்கள்’ பட்டியல்ல சேர்க்கிறது நியாயமா?

ரோலிங் ஸ்டோன் பத்திரிகையின் 500 ஆல்பப் பட்டியலில் 2020இல் இதற்கு 250ஆம் இடம். பொதுவாகத் தொகுப்புகளை அப்படிச் சேர்ப்பதில் எனக்கும் தயக்கம் உண்டு. வேறு இடங்களில் இருப்பதைப் பொறுக்கி எடுத்துக் கட்டியவை அவை. இங்கே நிலைமை வேறு. முன்பு எண்ணிக் காட்டிய அந்த 12 பாட்டுக்கு இதைவிட்டால் வேறு வீடே இல்லை. ஒரே குழு, பாட்டுகள் எல்லாவற்றுக்கும் ரஷென்ட் ஒரே தயாரிப்பாளர், இரண்டு வருடத்துக்குள். பல ‘முறையான’ ஆல்பங்களுக்குக்கூட இந்த ஒருமை கிடையாது.

குழு இப்பவும் இருக்கா?

1981இல் கலைந்து 1989இல் மறுபடி சேர்ந்தார்கள். 1994இல் அமெரிக்க ராக் குழுவான நிர்வாணா ஐரோப்பாவில் கச்சேரிச் சுற்றுப்பயணம் போனபோது முன்னதாக வாசித்தவர்களில் இவர்களும் உண்டு. ஷெல்லி 2018 டிசம்பர் 6இல் எஸ்தோனியாவின் தாலினில் மாரடைப்பால் இறந்தார், வயது 63. அடுத்த ஜூனில் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் நடந்த கச்சேரி அவருக்கு அஞ்சலியாக நடந்தது. அதற்குப் பிறகு பாடும் பொறுப்பை டிக்கிள் எடுத்துக்கொண்டார். 2022இல் புது ஆல்பமும் வந்தது.

சரி, இது பிடிச்சுப்போச்சு. அப்புறம் எதைக் கேட்கணும்?

முதலில் ‘ஸ்பைரல் ஸ்க்ராட்ச்’. பிறகு ‘அனதர் மியூசிக் இன் எ டிஃபரென்ட் கிச்சன்’, முழுதாக, நடுவில் நிறுத்தாமல். அதன் கடைசிப் பாட்டில் மாஹரின் டிரம்ஸ் ஏழு நிமிடம் ஓடும். ஆறு நிமிடப் பாட்டைக் கேட்டுத் திகைத்தவர்களுக்கு அது புரிய ஆரம்பிக்கும். அப்புறம் 1979இல் வந்த ‘எ டிஃபரென்ட் கைண்ட் ஆஃப் டென்ஷன்’. ‘லவ் பைட்ஸ்’ஐக் கடைசிக்கு வையுங்கள், ‘எவர் ஃபாலன் இன் லவ்’ அங்கே இரண்டாவது பாட்டாக வரும், தெரிந்த முகத்தைப் புது ஊரில் பார்ப்பது போல.